எழுபத்தைந்தில் நின்ற எழுத்து

இப்போது என் போன் திரை செகண்டுக்கு நூற்றிருபது தடவை படத்தைப் புதுப்பிக்கிறதாம். மகன் பீற்றிக்கொள்கிறான். எனக்கு இன்றைக்கும் எழுபத்தைந்துதான் பெரிய எண்.

தொண்ணூற்றெட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிரே ஞானபாக்கியம் அக்கா வைத்திருந்த டைப்பிங் சென்டரில் எனக்கு முதல் வேலை. ஒரே ஒரு கம்ப்யூட்டர். வக்கீல்கள் கொண்டுவரும் மனுக்களை அடிப்பேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தாலே கொஞ்சம் திமிர் வந்துவிடும். அந்தத் திமிரை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

மதியம் ஆனால் மட்டும் தலை வெடிக்கும். எழுத்தெல்லாம் கொதிக்கிற தண்ணீர் மாதிரி நடுங்கும். அக்காவிடம் சொன்னால் வேறு ஆள் பார்த்துவிடுவார் என்று பயம். வீட்டில் அதைவிட மோசம். என்னைப் பெற்ற அத்தா பிச்சை முகம்மது தையல்காரர். தினமும் சாயங்காலம் என்னைக் கூட்டிப்போக வந்து சென்டர் வாசலில் நிற்பார். வேலைக்குச் சேர்ந்த வாரமே கறாராகச் சொல்லிவிட்டார்: "கண்ணு கெட்டுப்போகும் ஏட்டி. தலைவலின்னு ஒரு நாள் சொன்னாலும் மறுநாள் வேலைக்குப் போகக்கூடாது."

அதனால் தைலத்தைக்கூட ஒளிந்து தேய்த்து, வாசம் தெரியாமல் இருக்க மேலே பவுடர் பூசினேன்.

ஒருநாள் கம்ப்யூட்டர் செட்டிங்கை நோண்டும்போது அறுபது, எழுபத்தைந்து, எண்பத்தைந்து என்று ஒரு பட்டியல் கண்ணில் பட்டது. அறுபதில் இருந்தது. ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி கடைசியில் வைத்தால் நல்லதுதானே என்று எண்பத்தைந்தை அமுக்கினேன். திரை இருண்டுவிட்டது. அணைத்துப் போட்டாலும் முதலில் நாலு வரி வரும், பிறகு இருட்டு.

அக்கா போன் போட்டு, ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் ஐயாதுரை பஸ் பிடித்து வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. அத்தாவும் வாசலுக்கு வந்துவிட்டார்.

ஐயாதுரை எதை எதையோ அமுக்கிப் படத்தை வரவைத்தார். "யாரோ எம்பத்தஞ்சுல வச்சிருக்காக. இதுக்கு அம்புட்டு ஏலாது" என்று மானிட்டரின் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினார். "அம்பதுல இருந்து எழுபத்தஞ்சு வரைக்கும்தான் இதோட ஓட்டம். ஒரு செகண்டுக்கு அம்புட்டு தடவை படத்தைத் திருப்பித் திருப்பி வரையும். பழையபடி அறுபதுல வச்சிட்டுப் போறேன். யாரும் தொடாதீக."

அறுபது என்றால் மறுபடியும் அதே நடுக்கம். வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும், தலை தப்பாது.

"அறுபது வேண்டாம்ணே. நாந்தான் மாத்துனேன். ரெண்டு மாசமா எழுத்து நடுங்குது, தலை வலிக்குது" என்றேன். அழுகை வந்துவிட்டது. அத்தா பக்கம் திரும்பவே இல்லை.

"இதை முதல்லயே சொல்லக்கூடாதா தங்கச்சி? அறுபதுல சில பேரு கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்" என்று ஐயாதுரை எழுபத்தைந்தில் வைத்தார். எழுத்து அசையாமல் நின்றது.

அத்தா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து திரையை உற்றுப் பார்த்தார். திரும்ப வாசலுக்குப் போய், தினமும் நிற்கும் இடத்தில் நின்று ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்ப நடுங்குனது இந்தப் பெட்டிதானா தம்பி?" என்று கேட்டார். "தெனமும் வாசல்ல நின்னு பாக்கையில எழுத்து ஆடுச்சு, என் கண்ணுதான் போயிருச்சுன்னு நெனச்சேன். வீட்டுல யார்கிட்டயும் சொல்லலை."

பெருநாளுக்குத் தைக்க வந்த துணியை எல்லாம் பயந்துபோய் அடுத்த கடைக்கு அனுப்பிவிட்டாராம். வீட்டுக்கு நடக்கும்போதுதான் சொன்னார். அவரைத் திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையை விடு என்று மட்டும் அதன்பிறகு அவர் சொன்னதே இல்லை.