கீழாநெல்லிப் பத்தியம்

அய்யாத்துரை எந்த டாக்டரையும் நம்பியவரில்லை. ஆறு மாதத்துக்கு முன்பு, பார்வதியம்மாளின் ஈரலில் புற்றுக்கட்டி இருக்கிறது, சின்னதுதான், அறுத்து எடுத்துவிடலாம் என்று டாக்டர் விசாலாக்ஷி சொன்னபோது, கைநாட்டு வைக்க மாட்டேன் என்று மனைவியைத் தாராவிக்கே திருப்பிக் கூட்டி வந்துவிட்டார்.

அவர் நம்பியது ஊர்க்காரர் வானமாமலையை. சல்லிக்காசு வாங்காமல் தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார் அவர். அந்த இலையில் இருக்கிற சத்து ஈரல் புற்றைக் கொல்கிறது என்று பேப்பரில் வந்ததை உரக்க வாசித்தும் காட்டினார். பத்தியம்தான் கடுமை: உப்பு ஆகாது, எண்ணெய் ஆகாது, இங்கிலீஷ் மருந்து ஆகவே ஆகாது.

பார்வதியம்மாள் உப்பில்லாத கஞ்சியை முகம் சுளிக்காமல் குடித்தாள். வயிறு வீங்கிக்கொண்டே வந்தது.

இன்று வேறு வழியில்லாமல் மறுபடியும் ஆஸ்பத்திரி. புது ஸ்கேனைப் பார்த்த டாக்டர் அய்யாத்துரையை மட்டும் உள்ளே கூப்பிட்டார்.

"கட்டி ரத்தக்குழாய்க்குள்ள போயிடுத்து பெரியவரே. இனிமே அறுக்க முடியாது."

"கீழாநெல்லி கொல்லும்னு பேப்பர்ல போட்டிருக்கானே?" மடியிலிருந்த கசங்கிய தாளை நீட்டினார்.

டாக்டர் கடைசிவரை படித்தார். "எலிக்குக் குடுத்துப் பாத்தது இது. மனுஷாளுக்குக் கேக்குமான்னு இன்னும் தெரியாதுன்னு அடியிலயே போட்டிருக்கே. படிக்கலையா?"

அந்த அடிவரியை வானமாமலை வாசிக்கவே இல்லை.

வெளியே வந்த அய்யாத்துரை அப்படியே நின்றார். ஸ்கேன் வரிசையில், கண்ணெல்லாம் மஞ்சளாக, கையில் ஃபைலோடு வானமாமலை உட்கார்ந்திருந்தார்.

"என்னவே, நீரு இங்க?"

வானமாமலை ஃபைலை முதுகுக்குப் பின்னால் தள்ளினார். "காமாலை. ஒரு வாரமா."

"காமாலைக்கா? கீழாநெல்லி என்ன, பம்பாயில தீந்து போச்சா?"

"பயமா இருந்துச்சு அய்யாத்துரை."

"உமக்கு வந்தா பயம். எம் பொண்டாட்டிக்கு வந்தா பத்தியமாக்கும்? அந்தக் கடைசி வரிய ஏம்வே முழுங்குனீரு?"

"நீரு எம் வாயப் பாத்துக்கிட்டு ஆசையாக் கேட்டுட்டு இருந்தீரு. அதுக்கு மேல வாசிக்க வாய் வரல."

ஓங்கிய கை பாதியில் நின்றது. கைநாட்டு வைக்க மறுத்த விரலும் அந்தக் கையில்தான் இருந்தது. அதை அவரால் மறக்க முடியவில்லை. காறித் துப்பிவிட்டு நடந்தார்.

வாசல் பெஞ்சில் பார்வதியம்மாள் காத்திருந்தாள். அவர் எதிர்க்கடைக்குப் போய், பன்னுக்குள் எண்ணெய் வடை வைத்த வடாபாவ் ஒன்று சுடச்சுட வாங்கிவந்து அவள் கையில் வைத்தார். கூட வைத்திருந்த பொரித்த மிளகாயில் உப்பு பூத்திருந்தது.

"பத்தியம்லா?" என்றாள்.

"தின்னு."

அவள் அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கடித்தாள்.