காப்புக் கட்டிய வீட்டுப் பூனை

1999ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 20ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல். மலேசியாவில் பகாவுக்குப் பக்கத்திலுள்ள சுங்கை பெலித்தோங் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவுக்காகக் கடந்த வெள்ளிக்கிழமையே காப்புக் கட்டியாகிவிட்டது. அடுத்துவரும் ஞாயிற்றுக்கிழமை தீமிதி. அதுவரை தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எந்த அடுப்பிலும் மீனோ இறைச்சியோ ஏறக் கூடாது. ஆயாக் கொட்டகையில் தொழிலாளர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பஞ்சாலை, பால்குடம் எடுப்பதற்காகக் கையில் மஞ்சள் காப்புக் கட்டியிருந்தாள். அவள் கணவன், லாரி ஓட்டுநர் நல்லசாமி, தீமிதிப்பதற்காகக் கட்டியிருந்தான். அவர்கள் வீட்டுப் பூனைக்கு இனிப்புநீர் வியாதி, அதாவது நீரிழிவு, என்று தெரிந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருந்தது.

பூனையின் பெயர் தவுக்கே. சீனர் கடை முதலாளியைப் போல வயிறு சரிய வாசற்படியில் உட்கார்ந்து போவோர் வருவோரைக் கணக்கெடுக்கும் என்பதால், லயத்துக்காரர்கள் வைத்த பெயர் அது. அந்த வயிறு தீபாவளிக்குப் பிறகு மெல்ல மெல்லக் காணாமற்போயிற்று. எவ்வளவு தின்றாலும் உடம்பு இளைத்தது. குளியலறைத் தொட்டித் தண்ணீரை ஓயாமல் நக்கியது. பின்னங்கால்களின் குதிகால் தரையில் படிய, கிழவனைப் போல நடந்தது. பஞ்சாலை அதைக் கூடையில் வைத்துப் பேருந்தேறி, சிரம்பானில் தெமியாங் பக்கமிருந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனாள். சீனப் பெண்மணியான அந்த மருத்துவர் மலாயில் பொறுமையாக எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். மருந்துப் புட்டியைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்ட வேண்டும். பிடரித் தோலைக் கூடாரம்போல் தூக்கி அதனடியில் ஊசியைச் செலுத்த வேண்டும். காதோரத்தில் ஒரு குத்து, எறும்புத் தலை அளவு இரத்தம். அது போதும் சர்க்கரை பார்க்கும் கருவிக்கு. காலையும் மாலையும் முதலில் தீனி, பிறகு ஊசி. எந்த வேளையும் தவறக் கூடாது.

அந்தக் கருவியைக் கொடுத்தவள் மகள் செல்லம்மை. சிரம்பானை அடுத்த பாரோயில் குடியிருந்து மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்தவள், தன்னிடமிருந்த பழைய கருவியை அம்மாவுக்கு அனுப்பிவைத்தாள்.

லயத்தில் சிரிக்காதவர் இல்லை.

"பூனைக்கு இனிப்புநீரா? காலையில ரெண்டு கரண்டி சீனி போட்டு தே குடிக்குதோ?"

"சிரிங்க. ஒங்களுக்கு வந்தா நான்தான் ஊசி போட வரணும். அப்ப எங்க குத்துறேன்னு பாருங்க" என்பாள் பஞ்சாலை. எந்த வேலையையும் அரைகுறையாகச் செய்து பழகாதவள் அவள். கொட்டகையில் நாற்பது தூளி கட்டினாலும் ஒரு முடிச்சு தளர்ந்திருக்காது.

முதல் மூன்று வாரமும் கருவியில் எண் மிக அதிகமாக, இருபதுக்குப் பக்கத்திலேயே நின்றது. காப்புக் கட்டிய பிறகுதான் இறங்கத் தொடங்கியது. சனிக்கிழமை பதினான்கு. ஞாயிறு பதினொன்று. திங்கள் ஒன்பது.

"பாத்தியா, அம்மா சக்தி! காப்பு கட்டுனதும் எறங்குது" என்றான் நல்லசாமி.

பஞ்சாலைக்கும் அப்படித்தான் தோன்றியது. எண் இறங்க வேண்டும் என்றுதானே மருத்துவரும் சொன்னார்? அது இறங்கியது. அவள் உள்ளம் குளிர்ந்தது. வீட்டில் மீன் நின்றுபோனதையும், பூனையின் தட்டில் தயிர்ச்சோறு பாதிக்கு மேல் காய்ந்து கிடந்ததையும், இறங்கிய எண்ணோடு சேர்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை. மற்ற நாளென்றால் நாலு வீட்டுப் பின்கட்டிலும் மீன் தலை கிடைக்கும். இப்போது லயம் முழுவதும் சாம்பார் மணந்தது.

செவ்வாய்க்கிழமை விடியலில் எண் ஆறு. தவுக்கே தட்டை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுச் சங்கு ஊதிவிட்டது. கொட்டகை வாசலில் தாய்மார்கள் பிள்ளைகளோடு காத்திருப்பார்கள். பஞ்சாலை ஒரு கணம் தயங்கினாள். 'எந்த வேளையும் தவறக் கூடாது' என்பதுதான் அவள் காதில் நின்றது. பிற்பாடு தின்னும் என்று நினைத்து, வழக்கமான அளவு மருந்தை ஏற்றிவிட்டு ஓடினாள்.

பத்து மணித் தேநீர் நேரத்தில் வீட்டுக்கு வந்தவள், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

தவுக்கே அடுப்படியில் பக்கவாட்டில் கிடந்தது. எழ முயன்றது, முன்னங்கால் தரையில் வழுக்க மறுபடி விழுந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. தாடை கடகடவென்று துடித்தது. பஞ்சாலை முழங்காலிட்டு அதன் காதோரத்தைக் குத்தினாள். இரத்தம் வரவில்லை. விரலால் தேய்த்துச் சூடாக்கி மறுபடி குத்தினாள். துளியைக் கருவியில் வைத்து எண் வரும்வரை பார்த்திருந்தாள்.

ஒன்று புள்ளி எட்டு.

"என்னாங்க! இங்க வாங்க! ஓடி வாங்க!"

முன்னறையில் விரதப் பாயில் படுத்திருந்த நல்லசாமி மஞ்சள் வேட்டியோடு ஓடிவந்தான். "என்னாச்சி? வலிப்பா?"

"சக்கரை அடியோட எறங்கிருச்சி. சாப்புடாத உசுருக்கு ஊசி போட்டுட்டேன்." அவள் கை அதற்குள் சீனி டின்னில் இருந்தது. ஒரு சிட்டிகையைப் பூனையின் பல் ஈறுகளில் தேய்த்தாள். வாய் வறண்டிருந்தது, மணல்போல உதிர்ந்தது சீனி. கரைத்து ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிவிடும் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஒட்டக்கூடிய பாகாக இருக்க வேண்டும், இல்லையேல் தேன்.

தேன் வீட்டில் இருந்தது. சாமி மேடையில், அபிஷேகத்துக்கென்று மஞ்சள் துணி சுற்றி வைத்த புட்டி. அவள் எழுந்து போய் அதை எடுத்து, துணியை உருவி, மூடியைப் பல்லால் திருகினாள்.

"ஏய், அது அம்மாளுக்கு எடுத்து வெச்ச தேனுடி!"

"தெரியும்."

"அபிஷேகத்துக்கு முன்னால யாரும் தொடக் கூடாது."

"தொட்டாச்சி. அதோட தலையத் தூக்கிப் புடிங்க. தள்ளி நின்னு சட்டம் பேசாதீங்க."

"நான் காப்புக் கட்டியிருக்கேன்லா!"

"நானுந்தான் கட்டியிருக்கேன். காப்புக் கட்டுன கை பூனையத் தொடக் கூடாதுன்னு எந்தப் பூசாரி சொன்னாரு? புடிங்க!"

நல்லசாமி உட்கார்ந்தான். மூன்று ஆண்டுகளுக்கு முன் குவாலா பிலா வளைவில் லாரி குடைசாய்ந்தபோது, நொறுங்கிய கண்ணாடிக்கு நடுவே கீறலின்றி எழுந்து வந்தவன் அவன். மூன்று முறை பூவில், அந்தத் தீக்குழியில், இறங்குவதாக அன்றே வேண்டிக்கொண்டான். இது மூன்றாவது. சுத்தம் கெட்டவன் கால் பூவில் வேகும் என்பதில் அவனுக்குத் துளியும் ஐயமில்லை. ஆனாலும் பூனையின் தலையை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்திக்கொண்டான்.

பஞ்சாலை விரலில் தேனைத் தொட்டு ஈறுகளிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தடவினாள். தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரத்தில் நாக்கின் நுனி வெளியே வந்து தேனைத் தேடியது. தாடைத் துடிப்பு அடங்கியது. மறுபடி குத்திப் பார்த்தாள். மூன்று புள்ளி ஒன்று.

"பொழச்சிக்கும்" என்றான் நல்லசாமி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோல.

"இல்லங்க. காலையில போட்ட மருந்து இன்னும் உள்ள வேல செஞ்சிட்டு இருக்கு. தேன் கரஞ்சதும் திரும்ப எறங்கும். வயித்துல சாப்பாடு விழணும்." தயிர்ச்சோற்றை விரலில் எடுத்து நீட்டினாள். பூனை முகத்தைத் திருப்பியது. பாலை நீட்டினாள். அதுவும் வேண்டாம்.

"மீனு வேணும்" என்றாள்.

நல்லசாமி தலையை நிமிர்த்தினான். "இந்த வீட்லயா?"

"இந்த வீட்ல வேணாம். மோட்டார எடுங்க."

தோட்டத்துக்கு வெளியே, செம்பனை மரங்களுக்கு நடுவே வரும் பாதை தார்ச்சாலையைத் தொடும் சந்தியில் ரம்ஜான் பீவியின் சாப்பாட்டுக் கடை இருந்தது. திருவிழா நாட்களில் தோட்டத்து ஆட்கள் அங்கே வர மாட்டார்கள் என்று தெரிந்து, பீவியும் கொஞ்சமாகத்தான் சமைப்பாள். நல்லசாமி சாலைக்கு மறுபுறமே மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டான். மீன் வாசம் எட்டாத தூரத்தில், ஒரு மரத்தடியில், செருப்பில்லாத காலோடு நின்றான். பஞ்சாலை, பூனையும் கருவியும் இருந்த கூடையைத் தூக்கிக்கொண்டு கடை வாசல் வரை போனாள், உள்ளே போகவில்லை.

"என்னாக்கா, காப்பு நேரத்துல நம்ம கடப் பக்கம்?" என்று வந்த ரம்ஜான் பீவி கூடைக்குள் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "அல்லா! தவுக்கேயா இது? கிழிஞ்ச துணி மாதிரி கெடக்கு!"

"மீனு இருக்கா பீவி? மொளகா போடாதது?"

"கொழம்புக்குப் போடலாம்னு கெம்போங் மீன வேக வெச்சிருக்கேன், உப்புகூட போடல. நீங்க வெளியவே இருங்கக்கா. ஒங்க வெரதம் ஏன் கெடணும்? நானே குடுக்கறேன்."

வாசலுக்கு வெளியே ஒரு முக்காலியைப் போட்டாள். வெந்த மீனைப் பிசைந்து தட்டில் கொண்டுவந்து கூடைக்குள் வைத்தாள். "தின்னுங்க தவுக்கே. இன்னிக்கி ஒங்களுக்கு பில்லு இல்ல."

தவுக்கே தட்டைப் பார்க்கவில்லை. பீவி விரலில் எடுத்து நீட்டினாள். அந்நியக் கையின் வாசம் பிடிக்காமல் பூனை கூடையின் மூலைக்கு நகர முயன்று, பின்னங்கால் மடங்கி அப்படியே சரிந்தது. தாடை மறுபடி லேசாக ஆடத் தொடங்கியது. பஞ்சாலை காதைக் குத்தினாள். இரண்டு புள்ளி நான்கு.

"என்னாக்கா சொல்லுது?"

"எறங்குது."

சாலைக்கு அந்தப் புறத்திலிருந்து நல்லசாமி கத்தினான். "தின்னுதா?"

பஞ்சாலை தன் வலக் கையைப் பார்த்தாள். மணிக்கட்டில் மஞ்சள் நூல், நடுவில் மஞ்சள் கிழங்கு, வேப்பிலை வாடியிருந்தது. கல்யாணமாகி இந்தத் தோட்டத்துக்கு வந்த ஆண்டிலிருந்து ஒரு சித்திரையும் விடாமல் பால்குடம் எடுத்தவள். வரிசையில் முதற்குடம் அவளுடையது. அதற்குப் பின்னால்தான் மற்றப் பெண்கள் நிற்பார்கள். இந்தக் கை மீனைத் தொட்டால் அந்தக் குடத்தைத் தூக்க முடியாது. பூசாரிக்குத் தெரியாமலிருக்கலாம், ஊருக்குத் தெரியாமலிருக்கலாம். அவளுக்குத் தெரியும், அது போதும்.

இடுப்பில் செருகி வந்த தேன் புட்டியை எடுத்து ஈறுகளில் தடவினாள். பிறகு, அதே கையை, காப்புக் கட்டிய கையை, தட்டில் வைத்து மீனை எடுத்தாள்.

"அக்கா!" என்றாள் பீவி.

"பரவால்ல பீவி."

விரலைப் பூனையின் மூக்குக்குக் கீழே கொண்டுபோனாள். முதலில் அசைவில்லை. பிறகு மீசை சிலிர்த்தது. நாக்கு வந்தது, ஒரு துணுக்கை எடுத்தது. இன்னொன்று. மூன்றாவது துணுக்குக்கு அதுவாகவே தலையைத் தூக்கியது. பஞ்சாலை எடுத்து எடுத்துக் கொடுத்தாள். மஞ்சள் நூல் மீன் சாற்றில் நனைந்தது. தட்டு பாதி காலியான பிறகுதான் அவள் நிமிர்ந்து சாலையைப் பார்த்தாள். நல்லசாமி மரத்தடியை விட்டு நகர்ந்து தார்ச்சாலையின் விளிம்புக்கே வந்து நின்றிருந்தான். அவள் கை எதில் இருக்கிறது என்பதை அவன் பார்த்துவிட்டான்.

பீவியின் கடைத் தொலைபேசியில் அவள் மருத்துவரைக் கூப்பிட்டாள். அவர் கடிந்துகொள்ளவில்லை, அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது. பூனை வயிறாரச் சாப்பிடாததால்தான் எண் இறங்கியது, நோய் குறைந்ததால் அல்ல. தின்னாத பூனைக்கு முழு ஊசி போடவே கூடாது. அன்று மாலை ஊசி வேண்டாம். பொழுது சாயும்வரை அடிக்கடி குத்திப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார். கொட்டகைப் பிள்ளைகளைத் துணை ஆயாவிடம் விட்டுவிட்டு, பஞ்சாலை பொழுது சாயும்வரை அந்த முக்காலியிலேயே இருந்தாள். நான்கு, ஐந்து புள்ளி இரண்டு, ஏழு. மாலையில் தவுக்கே கூடையை விட்டு இறங்கி, கடைவாசலில் வயிறு படிய உட்கார்ந்து, போகிற லாரிகளைக் கணக்கெடுத்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது நல்லசாமி மோட்டாரை மெதுவாக ஓட்டினான். "தோட்டத்து ஆளு வேற யாரும் பாக்கல, பஞ்சால" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

"நீங்க பாத்தீங்க. நான் பாத்தேன்."

"அப்ப பால்குடம்?"

"இந்த வருசம் இல்ல."

அவன் தோட்டத்துப் பாதையில் மோட்டாரைத் திருப்பினான். பிறகு, "நான் போயிக் கோயில் கொட்டகையில படுத்துக்கறேன்லா. நீ வீட்ல எப்படி வேணுமோ செய்யி" என்றான்.

அன்று மாலை அவர்கள் இருவரும் சேர்ந்து தீர்மானித்தவை வருமாறு. தீமிதி முடியும்வரை நல்லசாமி கோயில் கொட்டகையில் தங்குவான். வீட்டுச் சோற்றைத் தொட மாட்டான். பஞ்சாலை கோயிலுக்குப் போய், பூசாரியிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லிக் காப்பை அவிழ்த்துக்கொள்வாள். இந்த ஆண்டு முதற்குடத்தை வேறொருத்தி எடுப்பாள். அபிஷேகத்துக்கு வேறு தேன் வாங்கிக் கொடுக்கப்படும். ரம்ஜான் பீவி காலையும் மாலையும் உப்பில்லாமல் வேக வைத்த மீனைத் தருவாள். பூனைக்கு முதலில் இரத்தம் பார்ப்பது, பிறகு தீனி, அதன் பிறகே ஊசி. மறுநாளிலிருந்து அளவு, மருத்துவர் சொன்னபடி, முன்பு போட்டதில் பாதி. தீனியில் பாதியாவது உள்ளே போகாவிட்டால், ஊசியைப் போடாமல் மருத்துவரைக் கூப்பிட்டுக் கேட்பது. பெரட்டுச் சங்கு ஊதினாலும் சரி, ஆயாக் கொட்டகை வாசலில் பிள்ளைகள் காத்திருந்தாலும் சரி.