முகத்தில் வேண்டாம்

வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தாலும் பக்கத்து பெஞ்சோடு பேசிக்கொண்டிருந்தவள். அவளை மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஒரு வருடம் படிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். போய் இறங்கிய நாளிலிருந்து மொழி தெரியாமல் வாய்க்குப் பூட்டுதான்.

அவள் தங்கிய வீட்டில் கீழே முடி திருத்தும் கடை, மேலே குடித்தனம். கடையை நடத்தியவள் நாற்பதைத் தொடும் ஒரு மெலிந்த பெண். அந்த ஊரில் பெரியவர்களையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வாயாடிக்கு நாக்கு எழவில்லை. அக்கா என்றாள். அந்தப் பெண்ணும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். அவளுடைய கணவர் லாரி ஓட்டுபவர். பாதி நாள் சாலையிலேயே இருப்பார்.

கடையை மூடியதும் இருவரும் சோபாவில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பார்கள். அக்காவுக்குப் பிடித்தது ஒரு கொலைத் தொடர். தினம் ஒரு பிணம் விழும். திரையின் அடியில் அந்த ஊர் மொழியிலேயே வசனம் எழுத்தாக ஓடும்படி அக்கா வைத்துக் கொடுத்தாள். வாயாடி படத்தைப் பார்த்து, எழுத்தைப் படித்து, சொல் சொல்லாகப் பொறுக்கினாள். கத்தி, கயிறு, ரத்தம், பொய் சொல்லாதே, கையைத் தூக்கு. பேருந்தில் டிக்கெட் கேட்கத் தெரியாது. பிணத்தை எங்கே புதைத்தாய் என்று தப்பில்லாமல் கேட்பாள். மொழி வகுப்பில் நேற்று மாலை என்ன செய்தாய் என்று கேட்டபோது, சமையலறையில் ஒருவனைக் கழுத்தை நெரித்தார்கள், நான் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தேன் என்று சொல்லிவைத்தாள். ஆசிரியைக்கு முகம் வெளுத்துவிட்டது. அக்காவிடம் அதைச் சொன்னதும் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

லாரிக்காரர் வந்திருக்கும் நாட்களில் வாயாடி சோபா பக்கம் போவதில்லை. அவர் கெட்டவராகத் தெரியவில்லை. அவளுடைய பையைக்கூட மாடிக்குத் தூக்கி வந்து தருவார். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் நாம் எதற்கு என்று அவளே அறைக்குள் ஒதுங்கிக்கொள்வாள். சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி அலறும். அடி விழும், நாற்காலி சாயும், பெண் ஒருத்தி முனகுவாள். தொடர்தான் ஓடுகிறது என்று நினைத்து, காதைக் கொடுத்துக் கேட்பாள்.

அப்படி ஒரு மாலை, ஒரு வாக்கியம் முழுசாகப் புரிந்தது. ஒரு சொல்கூட நழுவவில்லை. பெருமை தாங்காமல் எழுந்தே உட்கார்ந்துவிட்டாள்.

"முகத்துல வேண்டாம். நாளைக்குக் கடைக்கு ஆள் வருவாங்க."

பிறகுதான் உறைத்தது. அது அக்காவின் குரல்.

மறுநாள் அக்கா கழுத்து மூடிய முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு பெரியவருக்கு முடி வெட்டினாள். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. நாற்காலியைத் தாழ இறக்கி வைத்துச் சமாளித்தாள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. யார் அடித்தது என்று வாயாடி கேட்டதற்கு, கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டுத் தரையைப் பெருக்கப் போய்விட்டாள்.

வாயாடி அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா பதறிப்போய், உடனே வேறு வீடு கேள் என்றாள்.

"நீ படிக்கப் போனவ. அவங்க வீட்டு விவகாரத்துல தலைய விடாத. சொல்றது கேக்குதா?"

"அவங்கள அப்படியே விட்டுட்டாம்மா?"

வாயாடி வேறு வீடு கேட்கவில்லை.

அடுத்த விடுமுறை நாள், நண்பகல். கடை பூட்டியிருந்தது. கீழே புட்டிகள் உருண்டு உடையும் சத்தம் கேட்டு வாயாடி இறங்கி ஓடினாள். தலை கழுவும் தொட்டியில் அக்காவின் தலையை அமுக்கிப் பிடித்திருந்தார் லாரிக்காரர். வெந்நீர்க் குழாய் முழுசாகத் திறந்திருந்தது. ஆவி பறந்தது. அக்காவின் கால்கள் தரையை உதைத்தன. சட்டைக்கு இஸ்திரி போடவில்லை என்பதுதான் காரணம் என்று பிறகு தெரிந்தது.

வாயாடியின் வாயில் தொடரின் வசனம்தான் வந்தது.

"கையத் தூக்கு. நகந்தா சுட்டுடுவேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். வெறுங்கையோடு நிற்கும் குச்சிப் பெண்ணைக் கண்டு நிஜமாகவே சிரித்துவிட்டார். அதற்குள் அவள் பாய்ந்து குழாயை மூடினாள். சிரிப்பு நின்றது. புறங்கையால் ஓங்கி விட்ட அறையில் அவள் சுவர்க் கண்ணாடியில் மோதி, சில்லுகளோடு கீழே சரிந்தாள். புருவம் பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மறைத்தது. அவர் அவள் மேல் குனிந்து இரண்டு கையாலும் கழுத்தைப் பிடித்தார். மூச்சு முட்டியது. அவருடைய கட்டை விரல் தொண்டைக்குழியில் இறங்கியது.

சட்டென்று பிடி விட்டது. லாரிக்காரர் மிருகம்போல அலறிக்கொண்டு சாய்ந்தார். முடி வெட்டும் கத்தரி அவர் தொடையில் பிடிவரை ஏறியிருந்தது. அக்கா அதைப் பிடுங்கி மறுபடியும் ஓங்கினாள். காதும் கன்னமும் வெந்து சிவந்து, முடியிலிருந்து நீர் சொட்ட நின்றவளின் கண் இப்போது அவருடைய வயிற்றின் மேல் இருந்தது.

வாயாடி தவழ்ந்துபோய் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, போதும்க்கா. விட்டுடு."

தமிழில்தான் சொன்னாள். அக்கா கத்தரியைக் கீழே விட்டாள்.

ஆம்புலன்ஸுக்கும் போலீசுக்கும் வாயாடியே பேசினாள். ஆள், கத்தரி, ரத்தம், தெரு. ஒரு சொல்லுக்கும் தடுமாறவில்லை. யாராவது செத்துவிட்டார்களா என்று கேட்டார்கள். இன்னும் இல்லை என்றாள்.

புருவத்தில் தையல் போட்டு, அக்காவின் தீப்புண்ணுக்கு மருந்து தடவி, இருவரையும் காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே இடி விழுந்தது. தன்னைக் குத்தியது வெளிநாட்டுப் பெண்தான் என்று லாரிக்காரர் மருத்துவமனைக் கட்டிலில் இருந்து சொல்லியிருந்தார். வெந்நீர் தெரியாமல் பட்டுவிட்டதாம். அக்காவைக் கேட்டார்கள். அவள் குனிந்த தலை நிமிரவில்லை. எனக்கு எதுவும் நினைவில்லை என்றாள்.

படிப்பு போகும், ஜெயிலுக்கும் போகலாம் என்று வாயாடிக்குப் புரிந்தது. பெண் அதிகாரி, மொழிபெயர்க்க ஆள் வரவழைக்கிறேன் என்றார். வேண்டாம், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் என்றாள் வாயாடி. குத்தியது யார் என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சுவருக்கு அப்பால் தொலைக்காட்சி அலறியதைச் சொன்னாள். அதற்குள் கேட்ட குரலைச் சொன்னாள். அந்த வாக்கியத்தை, கேட்ட மாதிரியே, அக்காவின் இழுவையோடு சொன்னாள்.

அக்கா மெல்ல முழுக்கைச் சட்டையின் பொத்தான்களைக் கழற்றினாள். தோள், முதுகு, கை எல்லாம் பழுத்த பழம்போல ஊதாவும் மஞ்சளுமாகக் கன்றிப்போயிருந்தது.

"குத்தினது நான்தான். இந்தப் பொண்ணு கத்தரியத் தொடவே இல்ல."

பெண் அதிகாரி எழுந்து கதவைச் சாத்தினார்.

அதன் பிறகு வழக்கு இழுத்தடித்தது. லாரிக்காரர் உள்ளே போனார். அக்கா செய்தது தற்காப்பு என்று முடிவாகச் சில மாதம் ஆயிற்று. வாயாடியை விடுதிக்கு மாற்றினார்கள். புறப்பட்டு வந்துவிடு என்று அம்மா அழுதாள். படிப்பை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்று அவள் பிடிவாதமாக இருந்துவிட்டாள்.

ஒருநாள் அக்கா விடுதிக்கு வந்தாள். கடையை விற்றுவிட்டதாகவும், வேறு ஊரில் ஒரு கடையில் வேலை கிடைத்திருப்பதாகவும் சொன்னாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு உன்னை மாட்டிவிடப் பார்த்தேன்."

"பயத்துல சொன்னது. விடுக்கா."

"பயம் இன்னும் இருக்கு. அவர் இல்லாத வீட்லயும் கதவு சத்தம் கேட்டா நடுங்குது."

அந்த நேரம் பார்த்து அம்மாவின் அழைப்பு வந்தது. அக்கா வந்திருக்கிறாள் என்றதும், போனை அவளிடம் கொடு என்றாள் அம்மா. அவங்களுக்குத் தமிழ் தெரியாதே என்று வாயாடி சொல்லியும் கேட்கவில்லை.

அக்கா போனைக் காதில் வைத்துக்கொண்டாள். அம்மா பேசிக்கொண்டே போனாள். என் பிள்ளை உயிரோடு இருப்பது உன்னால்தான் தாயி, அவளைத் தலையிடாதே என்று சொன்னவள் நான், என்னை மன்னித்துவிடு, உன் கைக்கு ஒரு குறையும் வராது. பக்கத்தில் இருந்த வாயாடிக்கு எல்லாம் கேட்டது. அக்காவுக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவள் ம், ம் என்று தலையாட்டினாள். கண்ணீர் வழிந்து, வெந்து ஆறிய கன்னத்தில் இறங்கியது. துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் போனை வைப்பதாக இல்லை.