தூசு அடங்கும் நாள்

வவுனியாவில் குகதாசனின் கல்லுடைக்கும் ஆலையில் தூசு அடங்குவது அதிகாரிகள் வரும் நாளில்தான். அன்றைக்கு மட்டும் இயந்திரத்தின் வாய்க்கு மேலே குழாய் திறந்து தண்ணீர் பீச்சும். மற்ற நாளெல்லாம் பூட்டித்தான் கிடக்கும். அந்தத் தூசைத் தின்று தின்றே அங்கே கல் தூக்கிய ஆண்டியப்பனின் நெஞ்சுக்குள் புற்று வைத்தது.

ஆலைத் தூசைப் பற்றி யாரோ முறைப்பாடு போட்டுவிட்டார்கள். விசாரணைக்கு அவனை முதலாளியே காரில் ஏற்ற வந்தான். வாசல் படலையடியில் சிவலட்சுமி புருசனின் கையைப் பிடித்தாள்.

"ஒரு பொய்தானுங்க. பீடியால வந்துச்சுன்னு சொல்லிட்டு வாங்க. மருந்து கெடைக்கும்ல."

வழிநெடுக குகதாசன் மருந்துப் புராணம் பாடினான். "நானோ மருந்து, ஆண்டி. கண்ணுக்குத் தெரியாத துகள். மருந்தைச் சுமந்துகொண்டு போய்க் கட்டிக்குள்ளையே இறக்கும். மற்ற ஊசி மாதிரி உடம்பு முழுக்கப் போட்டு வதைக்காது. சென்னையில இருந்து எடுப்பிக்கிறன். நீ பீடி எண்டு சொன்னால் போதும்."

"நம்ம டிப்பர் மாதிரிங்களா முதலாளி? ஏத்துறதும் எறக்குறதும்." சிரிக்கப்போய் இருமினான். வாயைத் துடைத்த துவாயில் இரத்தம்.

பீடியை அவன் வாயில் வைத்ததேயில்லை. வெற்றிலைதான்.

ஆலையில் குழாய் சீறிக்கொண்டிருந்தது. அதிகாரிகள் இருவர் கதிரைகளில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள். சல்லிக்கல் அள்ளுகிற பெண்களின் முகத்தில் மடிப்புக் கலையாத புது முகக்கவசங்கள். நடுவில் அவன் மகள் தனுஷா. அப்பன் படுத்த பிறகு அவனுடைய இடத்துக்கு வந்தவள். அவனைக் கண்டதும் கவசத்தை இறக்கி இருமினாள். வறட்டு இருமல். அவனுக்கும் இப்படித்தான் தொடங்கியது.

"ஐயா, நீங்கள் பீடி குடிக்கிறனீங்களோ?" என்றார் அதிகாரி.

ஆண்டியப்பன் நடந்துபோய்க் குழாயின் பிடியைத் திருகிப் பூட்டினான்.

வெள்ளைவெளேரென்று தூசு கிளம்பிக் கதிரைகளை மூடியது.

"விசரோடா உனக்கு? திற! மருந்து வேண்டாமோ?" குகதாசன் பாய்ந்து வந்தான்.

"வேணும் முதலாளி. யாருக்கு உசுரு வேணாம்?" குழாயின் பிடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தான். "ஆனா எனக்குள்ள அது போறதுக்கு, எம் மகளுக்குள்ள இது போகணுமா? நாங்க பீடி குடிக்கலீங்க ஐயா. இதத்தான் தின்னோம். நீங்களும் கொஞ்சம் தின்னு பாருங்க."

மருந்து இனி வராது. அவனுக்குத் தெரியும். முதலாளி அவன் விரல்களைப் பிய்த்துப் பார்த்தான். கல் தூக்கிய விரல்கள், விடவில்லை.

அதிகாரி குனிந்து குனிந்து இருமினார். "மெசினை... மெசினை நிப்பாட்டுங்கோ!"

நின்றது. ஒரு நெஞ்சுக்காக அந்த இயந்திரம் நின்றது அன்றுதான். அதுவும் அதிகாரியின் நெஞ்சு.