திவ்யாவுக்குத் திறக்காத கதவு

அனுப்பம்பட்டு தாண்டி, வயல்களுக்கு நடுவில், ஒரு இங்கிலீஷ் துரை தன் சீமை மாளிகையைப் போலவே கட்டிக்கொண்ட பங்களா இருக்கிறது. இப்போது அதை ஓட்டலாக்கி, பகலில் டிக்கெட் போட்டுச் சுற்றிக் காட்டுகிறார்கள். மீன்பிடித் தடைக்காலம், கையில் வேலை இல்லை. லைட்ஹவுஸ் குப்பத்துப் பெண்கள் நாங்கள் வேன் பிடித்துப் போனோம். என் தம்பி மனைவி திவ்யாவுக்கு ஏழு மாதம். ஆசைப்பட்டாளே என்று நான்தான் கூட்டிப்போனேன்.

பாதி பங்களாவைப் பார்ப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, அவசரமா வருது. அடக்க முடியல."

கூடத்தின் ஓரத்திலேயே கழிப்பறை இருந்தது, பூட்டோடு. சுற்றிக் காட்டிய மேனேஜர் தேவதாஸிடம் சாவி கேட்டேன்.

"அது இங்க தங்குறவங்களுக்கு மட்டும்மா. டிக்கெட்டுக்குக் கிடையாது."

சட்டம் என்றால் சட்டம் என்று வாயை மூடிக்கொண்டேன். அடுத்த நிமிஷமே, எங்களோடு வரிசையில் டிக்கெட் வாங்கிய கூலிங் கிளாஸ் அம்மா ஒருத்தி கேட்டாள். சாவியை எடுத்து நீட்டினான். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"அவங்களும் எங்களாட்டம் டிக்கெட்டுதான? இவளுக்கு மட்டும் இன்னா?"

அவன் மூக்கைச் சுளித்தான். "மீன் நாத்தம் புடிச்சிக்கும். வெளிய மரத்தாண்ட போகச் சொல்லு. உங்களுக்குப் பழக்கம்தான?"

தலைக்குக் குளித்து, இருப்பதிலேயே நல்ல புடவையைக் கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்திருந்தோம். அந்த மூஞ்சியைச் சுவரில் வைத்துத் தேய்க்க வேண்டும்போல் இருந்தது. திவ்யாவோ வாசல்வரை நடக்கும் நிலையில்கூட இல்லை. பக்கத்து அறைக் கதவில் சாய்ந்து நின்றாள். கூட்டம் அந்த அறைக்குள்தான் போனது, நாங்களும் போனோம்.

துரையின் படுக்கையறை. மூலையில் கயிறு கட்டி ஒரு மர நாற்காலி. நடுவில் ஓட்டை, அடியில் பீங்கான் பாத்திரம்.

"துரை ராத்திரியில வெளிய போகமாட்டார். எல்லாம் இதுலதான்," என்றான் தேவதாஸ், பெருமை தாங்காமல். "காலையில இந்தப் பக்கத்து ஆளுங்க வந்து தூக்கினு போய்க் கொட்டுவாங்க."

நான் கயிற்றை அவிழ்த்தேன்.

"ஆம்பளைங்கெல்லாம் வெளிய போங்க. சுத்தி நில்லுங்கடி!"

எங்கள் பெண்கள் முந்தானையை விரித்து மறைத்து நின்றார்கள். திவ்யா உட்கார்ந்தாள்.

"ஐயோ, துரை உக்காந்ததும்மா அது! போலீஸக் கூப்புடுவேன்!" வெளியிலிருந்து தேவதாஸ் கத்தினான்.

"கூப்புடு. எதுக்குனு அவங்க கேப்பாங்க, உன் வாயால சொல்லு."

திவ்யா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள். அவள் முகம் இப்போதுதான் தெளிந்தது. நான் பாத்திரத்தை எடுத்துப் போய் அவன் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அன்னிக்கு எங்காளுங்க தூக்கினாங்க. இன்னிக்கு நீ தூக்கு."