இரவல் மூச்சு

சாக்ஸபோனை அவள் முதன்முதலாக ஊதியபோது வந்த சத்தத்தைக் கேட்டு அண்ணன் வைத்த பெயர் வாத்து. வீட்டோடு நின்றிருக்க வேண்டிய பெயர். அவன் வாய் சும்மா இருக்குமா? இப்போது கிளப் சுவரொட்டிகளிலும் அதேதான். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அக்கம்பக்கத்தார் சண்டைக்கு வந்துவிடுவார்கள் என்று துணி அலமாரிக்குள் தலையை விட்டு வாசித்துப் பழகியவள். ஆரம்பத்தில் கண்டதையும் கேட்டாள்: நடனக் குழுக்கள், குரல் கரகரத்த பாடகிகள், டிரம்பெட்டில் கொஞ்சுகிறவர்கள். பிறகு, செத்துப்போன ஒரு சாக்ஸபோன்காரரின் கடைசி இசைத்தட்டு கிடைத்தது. அதன்பின் மற்ற எல்லாரும் சப்பென்று ஆகிவிட்டார்கள்.

ஜாஸ் பழகுகிறவர்கள் பெரியவர்களின் வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாகக் காப்பியடிப்பது வழக்கம்தான். வாத்து ஒரு படி மேலே போனாள். அந்தக் கடைசி இசைத்தட்டில் அவர் மெட்டின் நடுவே, யாருமே நிறுத்தாத இடத்தில், சட்டென்று நிறுத்தி மூச்சை இழுப்பார். அதுதான் அவருடைய பாணி என்று அந்த இழுப்பையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாள்.

“சரியான ஈயடிச்சான் காப்பிடி நீ,” என்றான் அண்ணன்.

ஆனால் கேட்டவர்கள் சொக்கிப்போனார்கள். அந்த மூச்சுக்காகவே கூட்டம் சேர்ந்தது. சொந்த இசைத்தட்டு போடும் வாய்ப்பும் அதனால்தான் வந்தது. ஒன்றே ஒன்றுதான் உறுத்தல். கொஞ்ச நாளாக அவள் படியேறும்போதும் அந்த இழுப்பு வந்தது. “பேசிக்கிட்டே இருக்கும்போது ஏண்டி நிறுத்தற?” என்று அம்மா கேட்டாள். டாக்டர் நெஞ்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, குத்துக்கல்லாட்டம் இருக்கிறாய், போ என்று அனுப்பிவிட்டார்.

ஒலிப்பதிவுக்கூடத்தில் பியானோவுக்கு ஒரு முதியவரை அமர்த்தியிருந்தார்கள். அந்தக் கடைசி இசைத்தட்டில் பியானோ வாசித்தவரே அவர்தான் என்று தெரிந்ததும் வாத்துக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பாட்டை ஆரம்பித்தார்கள். அவள் மூச்சை இழுத்ததும் பியானோ நின்றுவிட்டது.

“இத எங்கம்மா கத்துக்கிட்ட?”

“நீங்க வாசிச்ச ரெக்கார்டுலதான் சார்.”

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். “அது சங்கீதம் இல்லம்மா. அவருக்கு நெஞ்ச அடைச்சுது. கையக் காட்டினாரு, நாங்க யாரும் நிறுத்தல. அவ்வளவு நல்லா வந்துக்கிட்டிருந்துச்சு. அன்னிக்கு அவர் வீடு போய்ச் சேரல.”

ஒரு மனிதன் செத்துக்கொண்டிருந்ததையா இத்தனை வருஷம் அலமாரிக்குள் தலையை விட்டு மனப்பாடம் செய்தோம் என்று நினைத்தாள். பயமாக இருந்தது. இதை இன்றைக்கே விட்டுவிட வேண்டும்.

“அது இல்லாம வாசிக்கறேன் சார்.”

நெஞ்சு நிறைய மூச்சு வைத்துக்கொண்டு வாசித்தாள். அந்த இடம் வந்தது; காற்று மிச்சம் இருக்கும்போதே தொண்டை அடைத்து அந்த இழுப்பு வந்துவிட்டது. மறுபடி வாசித்தாள், மறுபடியும் அதேதான். ஒலிப்பதிவாளருக்கு இரக்கமாகிவிட்டது.

“விடுங்க மேடம். அந்த இழுப்ப நான் நாடாவுல வெட்டி ஒட்டிடறேன்.”

சொன்னபடியே வெட்டி ஒட்டினார். ஒட்டியதைப் போட்டுக்காட்டினார். வாத்து நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அறையில் பெரிய ஸ்பீக்கரிலிருந்து மெட்டு தடங்கல் இல்லாமல் ஓடியது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த இடம் வந்தது. மெட்டு நிற்காமல் தாண்டிப் போனது.

அவள் மூச்சு நின்றது. இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. அவருடைய இசைத்தட்டில் அந்த இழுப்புக்குப் பிறகுதான் அடுத்த ஸ்வரம் எழும்பும். இங்கே இழுப்பே இல்லை, வெட்டிய நாடா தரையில் கிடந்தது. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

பியானோக்காரர் மட்டும் பார்த்துவிட்டார். பதறி எழுந்தார்.

“நிறுத்துப்பா. நிறுத்து.”

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த ஒலிப்பதிவாளர் திரும்பாமலே சொன்னார்: “கொஞ்சம் இருங்க சார். எவ்வளவு நல்லா வந்துக்கிட்டிருக்கு.”