பாடாத பைலா

என் மனைவி சிவமணிக்கு உண்மை பேசுகிற வியாதி இருந்தது. இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டில், கண்டியில் வாடகைக்கு இருக்கிற யாழ்ப்பாணத் தமிழருக்கு அது சீனி வருத்தத்தை விடப் பொல்லாதது. சீனி வருத்தத்துக்காவது ஆஸ்பத்திரியில் குளிசை தருவார்கள்.

அவள் வத்தேகமவில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் பௌதிகவியல் படிப்பித்தாள். நான் விமலநாதன், கண்டியில் ஒரு திணைக்களத்தில் பிரதம லிகிதர். கட்டுகஸ்தோட்டையில் ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் நாங்கள் இருவரும் எங்கள் பன்னிரண்டு வயது மகளும் குடியிருந்தோம். யாருடைய கண்ணிலும் படாமல் இருப்பதுதான் நல்ல சீவியம் என்பது என் கொள்கை. அவளோ ஆசிரியர்களுக்கான விஞ்ஞானப் போட்டி ஒன்றுக்கு விண்ணப்பித்தாள். சரி, விண்ணப்பிக்கட்டும். காற்றாலை செய்யலாம், தண்ணீர் வடிகட்டி செய்யலாம். அவள் ரொக்கட் செய்தாள்.

ரொக்கட் என்றால் மட்டைக் குழாயும் பிளாஸ்ரிக் மூக்கும் நான்கு செட்டைகளும், மொத்தம் எண்பத்துநான்கு கிராம். அதையும் கையால் செய்யவில்லை. மாதிரி ரொக்கட்டுகளை வடிவமைக்கிற ஒரு புரோகிராமை முப்பது நாள் இலவசமாக எடுத்துக் கொம்பியூட்டரிலேயே செய்தாள். குழாயின் நீளத்தையும் செட்டையின் தடிப்பையும் கொடுத்தால், எவ்வளவு உயரம் போகும், எத்தனையாவது செக்கனில் பாரசூட் விரியும் என்று அது சொல்லும். அவளுடைய ரொக்கட் நூற்றுப் பன்னிரண்டு மீற்றர் போனது. எல்லாம் திரையில்தான்.

"நீர் ஏன் உந்தச் சனியனுக்குள்ள கை வைக்கிறீர்?" என்று கேட்டேன். "தமிழ்ப் பொம்பிளை, கைப்பைக்குள்ள ரொக்கட். கேக்கிறவன் என்ன நினைப்பான்?"

"மட்டை ரொக்கட் எண்டு சொல்லுவன். கேட்டாச் சொல்லத்தானே வாய் இருக்கு."

இறுதிச் சுற்றுக்குத் தெரிவானாள். கொழும்புக்கு வரச் சொன்னார்கள். ஆனால் நடுவர்களின் கொம்பியூட்டரில் இருந்தது வேறொரு புரோகிராம். இவளுடைய ஃபைலை அது வாசிக்காது. மூல ஃபைல், அவர்களுடைய புரோகிராம் வாசிக்கக்கூடியதாக மாற்றிய ஃபைல், உயரமும் வேகமும் நேரமும் அடங்கிய எக்செல் ஃபைல் என்று மூன்றையும் பென் டிரைவில் கொண்டுவரும்படி எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் இன்டர்நெட் இல்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட ஹலீம் வைத்திருந்த கொம்யூனிகேஷன் கடையில் மூன்று பின்னேரங்கள் உட்கார்ந்து மாற்றினாள். எல்லாம் ஒழுங்காக மாறியது, பாரசூட் மட்டும் வரவில்லை. புதிய ஃபைலில் ரொக்கட் மேலே போய்க் கல்லுப் போல விழுந்தது. பாரசூட்டின் அளவுகளை அவள் மறுபடி ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சேமித்தாள்.

அத்தோடு விட்டாளா? அதிபர் பாலாம்பிகை அம்மாவிடம் போய், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு கடிதம் எழுதுவித்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டு வந்தாள். இன்னார் இன்ன போட்டிக்குப் போகிறார், பென் டிரைவில் இன்னின்ன பெயர்களில் மூன்று மாதிரி ரொக்கட் ஃபைல்கள் இருக்கின்றன என்று அதில் இருந்ததாம். இருந்ததாம் என்றுதான் சொல்ல முடியும், எனக்கு அது பின்னால்தான் தெரிந்தது. "ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோவன்" என்று மூன்று நாளாக மேசையில் வைத்திருந்தாள். கோபத்தில் நான் அதைத் தொட்டும் பார்க்கவில்லை.

எனக்கு வேறு படிப்பு. எண்பத்துமூன்று ஜூலையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். கண்டியில் கடைகள் எரிந்துகொண்டிருந்த அன்று நான் ஏறியிருந்த பஸ்ஸைக் காடையர்கள் மறித்து ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்டார்கள். நான் "விமல்" என்றேன். சிங்களவருக்கும் உள்ள பெயர், நாதனை விழுங்கிவிட்டேன். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் தன் பெயரை முழுதாகச் சொன்னார். அவரை இறக்கினார்கள். பஸ் புறப்பட்டபோது நான் திரும்பிப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எதற்கும் முழுப் பெயர் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டேன், இருபத்தைந்து வருடம் உயிரோடும் இருந்தேன்.

ஆகவே புறப்படுகிற அன்று காலை ஆறு மணிக்கு, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது, பென் டிரைவை எங்கள் கொம்பியூட்டரில் செருகினேன். மூன்று ஃபைல்களின் பெயர்களையும் அழித்து, சிங்களத் துள்ளல் பாட்டுகள் போல பைலா ஒன்று, பைலா இரண்டு, பைலா மூன்று என்று எழுதினேன். வாலில் இருந்த எழுத்துகளையும் பாட்டு ஃபைலுக்கு உரியதாக மாற்றினேன். ஒரு ஃபைலைக் கொன்வேர்ட் செய்வது வேறு, பெயரை மாற்றுவது வேறு என்பது எனக்குத் தெரியாததல்ல. உள்ளே ரொக்கட் அப்படியேதான் இருக்கும், பாட்டுப் பாடாது. சோதனைச் சாவடியில் பாடவைத்துப் பார்க்க யாருக்கு நேரம்? கொழும்பில் இறங்கியதும் சொல்லிவிட்டுத் திருப்பி மாற்றலாம் என்று நினைத்தேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு தேத்தண்ணி குடித்தேன்.

மகளை மேல்வீட்டுக்காரரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். பஸ்ஸில் சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ்ஸில் நாங்கள் தமிழ் பேசுவதில்லை. மூன்று மணித்தியாலம் தோளோடு தோள் இடிக்க இருந்தோம், இரண்டு ஊமைகள். கடிதத்தை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு மடியில் வைத்திருந்தாள். அவளுக்குச் சந்தோஷம். புதுச் சேலை உடுத்திருந்தாள்.

கொழும்புக்குள் நுழைகிற இடத்தில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. அடையாள அட்டையை மட்டும் நீட்டியிருந்தால் அவளும் மற்றவர்களோடு போயிருப்பாள். அவள் கேட்காமலே கடிதத்தை எடுத்து நீட்டினாள். பெண் பொலிஸ் வாசித்துவிட்டு, அவளைப் பக்கத்திலிருந்த அறைக்கு அழைத்துப் போனாள். கணவன் என்று சொல்லி நானும் பின்னால் போனேன்.

அங்கே இருந்த இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர், சிரித்த முகம். கடிதத்தை முழுதாக வாசித்தார். "டீச்சர் ரொக்கட் விடுகிறீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டார். "பாருங்கள் சேர், மட்டை ரொக்கட், நூற்றுப் பன்னிரண்டு மீற்றர் போகும்" என்று அவள் தன் பள்ளிக்கூடச் சிங்களத்தில் சொல்லி, பென் டிரைவைத் தானே எடுத்துக் கொடுத்தாள். கடிதத்தில் ஃபைல்களின் பெயர்கள் இருக்கின்றன என்பது அவர் விரல் வைத்து வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவர் கடிதத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். "ரொக்கட் இல்லையே, பைலா அல்லவா இருக்கிறது" என்றார். அப்போதும் சிரித்தார். "நல்லது, போடுவோம்." முதல் பைலா பாடவில்லை. இரண்டாவது பாடவில்லை. மூன்றாவதை அழுத்தும்போது அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

உள்ளேயிருந்து கொம்பியூட்டர் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டார். அவர் ஒவ்வொரு வாலாக மாற்றிப் பார்த்தார். மற்ற இரண்டையும் திறக்க அங்கே புரோகிராம் இல்லை. எக்செல் திறந்தது. உயரம், வேகம், நேரம் என்று தலைப்புப் போட்டு எண்ணூறு வரிசை இலக்கங்கள்.

"யார் மாற்றியது?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாது சேர்" என்றாள். உண்மைதான், அவளுக்குத் தெரியாது. நான் மாற்றினேன் என்று அந்த நிமிடத்தில் சொல்லியிருந்தால் முட்டாள் லிகிதன் என்று கன்னத்தில் இரண்டு போட்டு விட்டிருப்பார்களோ என்னவோ. அவர் என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கொம்பியூட்டர் தெரியாது மாத்தயா" என்றேன். அலுவலகத்தில் எட்டு வருடமாக அதற்கு முன்னால்தான் இருக்கிறேன்.

அன்றிரவு எங்களை வெவ்வேறு அறைகளில் வைத்தார்கள். மறுநாள் ஹலீமைக் கொண்டுவந்து விசாரித்தார்கள். வாசலில் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கூட வந்த தன் மச்சானிடம் தமிழில் அழாக்குறையாகச் சொன்னார். "கடிதத்துல எந்தப் பேர் ஈக்குதோ அதே பேர்லதான் டீச்சர் சேவ் பண்ணினாங்க. நானே பாத்தேன். அல்லாஹ்வுக்குப் பொதுவா அதத்தான் சொன்னேன்." அவர் சொன்னது அவளைக் காப்பாற்றத்தான்.

பின்னேரம் எங்கள் இருவரையும் ஒன்றாக இருத்தினார்கள். இப்போது கேட்டவர் வேறொருவர், சிவில் உடையில். "கடையை விட்டு வரும்போது பெயர்கள் சரி. பஸ்ஸில் ஏறும்போது பிழை. நடுவில் வீட்டில் இருந்தது நீங்கள் இரண்டு பேர். பிள்ளையும் இருக்கிறதாம், பன்னிரண்டு வயது. சொல்லாவிட்டால் இரண்டு பேரும் இங்கேதான். பிள்ளையையும் கூட்டிவந்து கேட்கலாம்."

நான் தரையைப் பார்த்தேன். சிவமணி என்னைப் பார்த்தாள். என் சட்டையில் பொத்தான் ஒன்று கழன்றிருந்தாலும் கண்டுபிடிக்கிறவள். நான் நிமிரவில்லை. ஆனால் அவள் கண்டுகொண்டாள் என்பது அவள் மூச்சு மாறியதிலேயே தெரிந்தது.

"நான்தான் மாற்றினேன்" என்றாள் சிங்களத்தில். "பயத்தில்."

எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமும் வந்தது, வரவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. அந்த உடம்பு தளர்ந்த சுகத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை, என்னை நானே காறித் துப்புவதும் அதற்காகத்தான். சிங்களத்தில் எழுதிய என் வாக்குமூலத்தில் கையெழுத்து வைத்தேன். இருட்ட முன்னம் என்னை மட்டும் விட்டுவிட்டார்கள்.

கண்டிக்குத் திரும்பும் வழியில் எனக்குள் நியாயங்கள் வரிசையாக வந்தன. ஆம்பிளையைப் பிடித்தால் காணாமல் போவான், பொம்பிளையை விசாரித்துவிட்டு விடுவார்கள். பிள்ளைக்கு ஒருவராவது வேண்டும். சட்டத்தரணி பிடிக்க நான் வெளியே இருந்தால்தானே முடியும். எல்லாம் சரியான நியாயங்கள். பாலாம்பிகை அம்மா வீட்டுக்கு வந்து, "வரவு டாப்பில பிழை விட்டாலே வெட்டிக் கையெழுத்து வைக்கிற பிள்ளை. அவ இப்பிடிச் செய்யமாட்டா" என்று அழுதார். "பயத்தில செய்திட்டா அம்மா" என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஏழாவது வாரம்தான் பார்க்க அனுமதி கிடைத்தது. பத்து நிமிடம். நடுவில் ஒரு மேசை, மூலையில் ஒரு காவல்காரி, தமிழ் தெரியாதவள். சிவமணி பாதியாக இருந்தாள். கைகளை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாள். ஒருமுறை தலைமயிரை ஒதுக்கத் தூக்கியபோது இரண்டு விரல்களில் துணி சுற்றியிருந்ததைக் கண்டேன்.

சுகம் விசாரிக்க விடவில்லை. "நேரம் இல்லை, கேளுங்கோ" என்றாள். "நான்தான் மாத்தினது எண்டு சொல்லிப்போட்டன். இப்ப எதுக்கு எந்தப் பேர் வைச்சனீ எண்டு கேக்கினம். மூண்டு தரம் மூண்டு மாதிரிச் சொல்லிப்போட்டன். பொய் எண்டு கண்டுபிடிச்சு, இன்னும் பெரிசா எதையோ மறைக்கிறன் எண்டு..." மிச்சத்தை விழுங்கினாள். "எது எது எண்டு சொல்லுங்கோ."

சொன்னேன். வேறு என்ன செய்ய? "எக்செல் பைலா ஒண்டு. மாத்தின ஃபைல் பைலா ரண்டு. மூல ஃபைல் மூண்டு."

"மூலம் மூண்டோ? நான் ஒண்டெண்டெல்லோ சொன்னனான்." கண்ணை மூடி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இரண்டாம் முறை பிழைத்தது. நான் திருத்தினேன். "எத்தினை மணிக்கு?"

"ஆறு மணிக்கு. நீர் குளிச்சுக்கொண்டு இருக்கேக்க."

"அப்ப நான் குளிக்கேல்லை எண்டு சொல்ல வேணும்" என்றாள்.

காவல்காரி மணிக்கூட்டைப் பார்த்தாள். சிவமணி முதன்முறையாக என்னை நேரே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன்.

"பிள்ளைக்கு என்ன சொன்னனீங்கள்?"

நான் காவல்காரியின் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

"கேக்கிறன் எல்லோ."

"நீர்தான் மாத்தினீர் எண்டு சொன்னனான்."

அவள் தலையைக் குனிந்து துணி சுற்றிய விரல்களைப் பார்த்தாள். "அவளுக்காவது சொல்லியிருக்கலாம்" என்றாள்.

காவல்காரி எழும்பச் சொன்னாள். சிவமணி எழுந்து போகும்போது அவளுடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. எக்செல் ஒன்று, மாற்றியது இரண்டு, மூலம் மூன்று, ஆறு மணி என்று பாடமாக்கிக்கொண்டு போனாள். நான் வாசலில் கையெழுத்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.